தன்னைத் தாக்கும் உடல்: முடக்குவாதத்தின் வரலாறும் சில சொல்லாடல்களும்

1

தமிழில் 'வாதம்' என்று எழுதினால் இரண்டு பொருள் வரும். ஒன்று காற்று, அதன் வழியாக வந்த உடம்பு நோய். மற்றது தர்க்கம், அதன் வழியாக வந்த பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம், இன்னபிற. வடமொழியில் இரண்டும் வேறுவேறு சொல். தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒன்றாகிவிட்டன. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இரண்டாவது வாதம் நல்ல பழக்கம். முதலாவதைப் பற்றி நாம் எழுதியது குறைவு. அது வயசானவர்கள் சமாச்சாரம், தைலக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது முடக்குவாதம். மருத்துவர்கள் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வது. வயதாக ஆக முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. இது பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், ஆள் உழைத்துக்கொண்டிருக்கும்போதே தொடங்குகிறது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல்களின் அடிப்பகுதி என்று சின்ன மூட்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். ஓய்வெடுத்தால் குறைகிற வலி இல்லை, ஓய்வெடுத்து எழுந்தால்தான் அதிகம். "காலையில எந்திரிச்சா கை மடங்க மாட்டேங்குது, பத்து மணிக்கு மேலதான் ஒரு வழியா இளகுது" என்று பெண்கள் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். மருத்துவப் பாடநூல் இந்த நோய்க்குத் தருகிற முக்கியமான அடையாளம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியால் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. மூட்டோடு நிற்பதும் இல்லை. நுரையீரல், கண், இரத்தக்குழாய் வரை போகும். பெரியவர்களில் நூற்றுக்கு அரைப்பேர் முதல் ஒருவர் வரை இந்நோய் வருகிறது. தில்லியை அடுத்த கிராமப்புறத்தில் எடுத்து 1993இல் வெளியான கணக்கு 0.75 சதவீதம் என்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

நான் சொல்ல வர்றது இதுதான். இந்த நோய்க்கு 200 வருஷமாகக் கிடைத்துவந்த ஒவ்வொரு விளக்கத்திலும், யாருடைய வலி கணக்கில் வந்தது, யார்மேல் பழி விழுந்தது என்கிற கேள்வி பின்னிக்கிடக்கிறது. உடம்புக்குள் நடப்பது வெறும் சொல்லாடல் என்று நான் சொல்லவில்லை. எலும்பு அரித்துப்போனது எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதைக் கட்டுடைத்துக் காணாமல் போக்க முடியாது. ஆனால் அந்த எலும்பை யார், எப்போது, எந்தச் சொல்லால் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

2

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மூட்டுநோய் என்றாலே கௌட்தான் முதலில் நினைவுக்கு வரும். கறியும் மதுவும் தாராளமாகக் கிடைத்த ஆண்களின் கால் பெருவிரலைப் பிடிக்கும் நோய். 1683இல் அதைப்பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாமுக்கே அந்த நோய் இருந்தது. ஏழைகளைவிடப் பணக்காரர்களையும், முட்டாள்களைவிட அறிவாளிகளையும் அது பிடிக்கிறது என்கிற பொருளில் அவர் எழுதினார். கொஞ்சம் பெருமையும் தெரிகிறது இல்லையா? 1799இல் லண்டன் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே, வீங்கிய பாதத்தில் பல்லைப் பதிக்கும் ஒரு கரிய பூதமாகக் கௌட்டை வரைந்தார். ஆக, மேல்தட்டு வலிக்கு நூல் உண்டு, சித்திரம் உண்டு, ஒரு கௌரவம்கூட உண்டு.

அடுத்த வருஷம், 1800இல், பாரிசில் ஒகுஸ்தான் லாந்த்ரே-பொவே என்கிற 28 வயது இளைஞர் தன் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதன் தலைப்பே ஒரு கேள்வி: கௌட்டில் புதிதாக ஒரு வகையை ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அவர் வேலைபார்த்த இடம் சால்பெத்ரியேர். ஒரு காலத்தில் வெடியுப்புக் கிடங்கு. 1656க்குப் பிறகு ஏழைப் பெண்களையும், பைத்தியம் என்று சொல்லப்பட்ட பெண்களையும், பாலியல் தொழில் செய்த பெண்களையும் அடைத்துவைத்த விடுதி. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அங்கே பினேல் தலைமையில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது பெண்களிடம் லாந்த்ரே-பொவே ஒரே மாதிரியான நோயைக் கவனித்தார். பல மூட்டுகளில் வீக்கம், நீண்டநாள் இழுத்தடிப்பு, உடல் முழுக்கத் தளர்ச்சி. கொழுத்த சாப்பாடும் மதுவும் இவர்களுக்கு ஏது? ஆகவே இது வழக்கமான கௌட் இல்லை. பலவீனத்தோடு வருகிற, தனி வகைக் கௌட் என்று முடிவுக்கு வந்தார்.

முடக்குவாதத்தைப் பற்றிய முதல் நவீன மருத்துவ விவரிப்பு என்று இந்த ஆய்வேட்டைத்தான் இன்று குறிப்பிடுகிறார்கள். இதுவரை ஏன் யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் அதில் ஒரு விடை இருக்கிறது. பேரும் பணமும் தேடும் மருத்துவர்கள் வசதியானவர்களையே பார்க்கப் போனார்கள், ஏழைகளின் நோய் கண்ணில் படவில்லை. நான் படித்த மருத்துவ வரலாறுகளில் இவ்வளவு நேரடியான வர்க்க விமர்சனம் ஆய்வேட்டுக்குள்ளேயே வந்துவிழுவது அபூர்வம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அந்தப் பெண்கள் கண்ணில் பட்டதற்குக் காரணம், அவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்ததுதான். வெளியே போக வழியில்லாத உடல்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1853இல், ஷார்கோ தன் ஆய்வேட்டுக்காக கௌட்டையும் நாள்பட்ட வாதத்தையும் பிரித்துக் காட்டியதும் இதே சால்பெத்ரியேர்ப் பெண்களை வைத்துத்தான். அறிவும் அடைப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒன்பது பெண்களுக்கும் நமக்கு ஊர் பேர் இல்லை, முகம் இல்லை. அதே நூற்றாண்டின் கடைசியில் இதே நோயால் விரல்கள் கோணிப்போன ஓவியர் ரெனுவாரின் கைகளைப் பற்றி உலகத்துக்கே தெரியும். 1919இல் சாகும்வரை அவர் வரைந்ததும், கையில் துணி சுற்றியிருந்ததும் புகைப்படங்களாக இருக்கின்றன. ரெனுவாரின் வலி குறைந்தது என்று நான் சொல்லவில்லை. கலைஞனின் கை சாட்சியாகிறது, துணி துவைத்த கை வெறும் சான்றாகிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

3

பெயர் வந்தது லண்டனிலிருந்து. ஆல்ஃபிரட் காரட் என்கிற மருத்துவர் 1848இல் கௌட் நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். இந்த இன்னொரு மூட்டுநோயில் அந்தக் கூடுதல் இல்லை. அதை வைத்து 1859இல் வெளியிட்ட நூலில் இதற்கு ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று தனிப்பெயர் கொடுத்தார். 'வாதம் போன்ற மூட்டழற்சி' என்று பொருள். பெயரே 'போன்ற' என்றுதான் நிற்கிறது! இந்தப் 'போன்ற'வை பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் 1922இலும், அமெரிக்க வாதநோய்ச் சங்கம் 1941இலும்தான் அதிகாரபூர்வமாக ஏற்றன.

நம்மவர்கள் இந்த இடத்தில் உடனே கை தூக்குவார்கள்: ஆயுர்வேதத்தில் ஆமவாதம் இல்லையா, சித்தத்தில் வளி அழல் கீல்வாயு இல்லையா? இருக்கின்றன. மாதவ நிதானம் ஏறத்தாழ 7, 8ஆம் நூற்றாண்டிலேயே ஆமவாதத்துக்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்கியது. மூட்டுவலியை மக்கள் எல்லா ஊரிலும் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். முடக்கு அறுத்தான் என்று ஒரு கொடிக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் செரிக்காத அன்னரசம் மூட்டில் தங்குவதாகப் பார்க்கிற அறிதல்முறையும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுகிற அறிதல்முறையும் நோயை ஒரே கோடு போட்டுப் பிரிப்பதில்லை. பெயர் ஒற்றுமையை வைத்து நோய் ஒற்றுமையை நிறுவ முடியாது. 'எல்லாம் எங்ககிட்ட இருந்தது' என்கிற பெருமிதத்துக்கும், 'வெள்ளைக்காரன் வர்றவரைக்கும் ஒண்ணுமே தெரியாது' என்கிற தாழ்வுக்கும் வெளியே நின்று பார்த்தால் இரண்டு மரபுகளுக்குமே மரியாதை செய்தது ஆகும்.

சரி, காரணம் என்ன? கிருமியியல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டுக்கு விஷம் அனுப்புகிறது என்று 1910களில் சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் முதலானவர்கள் வாதிட்டார்கள். விளைவு? ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பற்கள் பிடுங்கப்பட்டன, தொண்டைச் சதைகள் வெட்டப்பட்டன. மூட்டு அப்படியே இருந்தது, பல் போச்சு. ஒருகாலத்தில் இந்தக் கோட்பாட்டை ஆதரித்த ரஸ்ஸல் செசில் என்கிற மருத்துவரே 1938இல் 200 நோயாளிகளை ஆராய்ந்து, இதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார். தான் நம்பியதைத் தானே மறுத்து எழுதுகிற துணிவு கோட்பாட்டாளர்களிடம் அடிக்கடி பார்க்கக்கூடியது இல்லை.

இன்னொரு வேடிக்கை தங்கம். தங்க உப்பு காசநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்று 1890இல் ராபர்ட் கோக் சொல்லியிருந்தார். முடக்குவாதமும் காசம் மாதிரியான ஒன்று என்று நம்பிய பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபொரெஸ்தியே 1929இல் தங்க ஊசி போட்டார். நம்பிக்கை தப்பு. ஆனால் சிலருக்குக் குணம் தெரிந்தது. 1960இல் பிரிட்டனில் முறைப்படி நடந்த சோதனையும் அதை உறுதிசெய்தது. தவறான கோட்பாட்டிலிருந்து சரியான மருந்து வரும், சரியான கோட்பாட்டிலிருந்து கொடுமையான சிகிச்சையும் வரும். அறிவியல் வரலாற்றை நேர்கோடாகப் பாடம் நடத்துகிறவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள். காசநோய் என்கிற சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

4

'தன்னைத்தானே தாக்கும் உடல்' என்கிற கருத்தாக்கம் எப்போது வந்தது? ஜெர்மானியர் பவுல் ஏர்லிச் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்டு இரத்தத்தை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரு விலங்கு இன்னொன்றின் இரத்த அணுக்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, தன்னுடையதற்கு உண்டாக்குவதில்லை என்று கண்டார். தன்னை விஷமாக்கிக்கொள்வதை உடம்பு அஞ்சித் தவிர்க்கிறது என்று அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று லத்தீனில் பெயர் வைத்தார். தவிர்க்கிறது என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் நடக்கவே நடக்காது என்று படித்துக்கொண்டார்கள். 1904இலேயே டோனாத், லாண்ட்ஸ்டைனர் இருவரும் எதிரான ஒரு உதாரணத்தைக் காட்டியும் காதில் விழவில்லை. ஒரு பிரதி எப்படித் தப்பாக வாசிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆட்சி செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

1940இல் நார்வேயைச் சேர்ந்த எரிக் வாலர், முடக்குவாத நோயாளியின் இரத்த நீர் ஆட்டுச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கவனித்தார். 1948இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் அதைத் தனியாகக் கண்டார். இதுதான் ரூமட்டாய்டு காரணி. 1957வாக்கில் ஹென்றி குங்கலின் குழு அதன் இயல்பை விளக்கியது: அது ஒரு எதிர்ப்பொருள், அதன் இலக்கு உடம்பின் சொந்த எதிர்ப்பொருள். காவல்காரனைப் பிடிக்கிற காவல்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். 1956இல் தைராய்டு சுரப்பியில் இதேபோன்ற தன்னெதிர்ப்பு நிறுவப்பட்டதும், ஏர்லிச்சின் பெயரால் நின்ற சுவர் இடிந்தது.

அதே காலத்தில் ஆஸ்திரேலியர் மக்ஃபார்லேன் பர்னெட், நோயெதிர்ப்பை 'தான்', 'தானல்லாதது' என்கிற இருமை எதிர்வில் விளக்கினார். தன்னை அறியும் அணுக்கள் கருக்காலத்திலேயே நீக்கப்படுகின்றன; தப்பிப் பிழைத்தவை 'தடைசெய்யப்பட்ட குலங்கள்'. 1960இல் நோபல் பரிசு வந்தது. உலகப்போர் முடிந்து பனிப்போர் நடக்கும் காலம். எல்லை, குடிமகன், ஊடுருவல், உள்நாட்டுத் துரோகி: அரசியல் அகராதி அப்படியே உடம்புக்குள் குடியேறியதை டோனா ஹாரவேயும் எமிலி மார்ட்டினும் 1980களின் கடைசியிலும் 1990களிலும் விரிவாக எழுதினார்கள். பின்பு தெரிதா இதே சொல்லைத் திருப்பி அரசியலுக்கு எடுத்துக்கொண்டுபோய், தன்னைக் காக்கும் பேரில் தன்னை அழிக்கும் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசினார். சொல் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றும் அந்நியமில்லை. இலத்தீனில் இம்யூனிடாஸ் என்பது ஆதியில் சட்டச் சொல். வரியிலிருந்தும் பொதுக் கடமையிலிருந்தும் விலக்கு என்று பொருள்.

தமிழில் என்ன செய்தோம்? விலக்கு போய், 'எதிர்ப்பு' வந்தது: நோய் எதிர்ப்பு சக்தி. ஆட்டோஇம்யூன் என்பதற்கு 'தன்னுடல் தாக்கு நோய்'. இலத்தீன் மூலத்தில் இல்லாத தாக்குதலை நாம் பெயரிலேயே ஏற்றிவிட்டோம். நோயாளியிடம் போய் 'உங்க உடம்பே உங்களைத் தாக்குது' என்று சொன்னால் அவருக்கு என்ன கேட்கும்? 'நான்தான் காரணம்' என்றுதான் கேட்கும்.

5

கேட்கும் என்பது வெறும் ஊகமில்லை. மருத்துவமே அப்படிச் சொன்னது. சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட நூலில், மனத்திலிருந்து வருகிற ஏழு நோய்களில் முடக்குவாதத்தையும் சேர்த்தார். அவரும் சகாக்களும் வரைந்த நோயாளியின் சித்திரம் இப்படி: கோபத்தை வெளியே காட்டாதவள், குடும்பத்துக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்கிறவள், அதே சமயம் பெண் என்கிற பாத்திரத்தை உள்ளூர மறுக்கிறவள். 1960களில் 'ரூமட்டாய்டு ஆளுமை' என்று ஒரு தனிவகையே ஆய்வுக்கு வந்தது. நோயாளிப் பெண்களையும் அவர்களின் நோயில்லாத சகோதரிகளையும் ஒப்பிட்டுக் கேள்வித்தாள் கொடுத்தார்கள்.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனிக்கவேண்டும். 20 வருஷமாக விரல் வலிக்கிற பெண் சலிப்போடு, அடங்கி, கோபத்தை விழுங்கி இருக்கிறாள் என்றால் அது வலியின் விளைவாக இருக்கலாம்; அதைக் காரணமாக்கிவிட்டார்கள். 'அணுக்கள் தன்னைத் தாக்குகின்றன' என்கிற உயிரியல் வாக்கியமும், 'அவள் தன்னைத் தாக்குகிறாள்' என்கிற உளவியல் வாக்கியமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. சூசன் சொண்டாக் 1978இல் காசநோயையும் புற்றுநோயையும் வைத்துச் சொன்னது இதற்கும் பொருந்தும்: நோய்க்குக் காரணம் தெரியாத காலத்தில் அந்தக் காலியிடத்தை உருவகம் நிரப்பும், உருவகம் கடைசியில் நோயாளி தலையில்தான் விடியும்.

'ரூமட்டாய்டு ஆளுமை' இன்று பாடநூல்களில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது. "எல்லாத்தையும் மனசுல போட்டு வச்சுக்கிறா, அதான்" என்பது ஒரு வடிவம். "வேலை செய்ய வணங்கல, வலின்னு சாக்கு" என்பது இன்னொன்று. பாத்திரம் தேய்க்க முடியாத கை பத்து மணிக்கு மேல் இளகிவிடுகிறதே, அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிறது: "காலையில முடியலன்னா, இப்ப மட்டும் எப்படி முடியுது?" நோயின் இலக்கணமே நோயாளியைப் பொய்யாக்குகிறது. அந்த விடிகாலை இரண்டு மணிநேரத்தைச் சமையலறைக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை.

6

1948ஆம் வருஷத்தில் அடுத்தடுத்து இரண்டு சம்பவங்கள். ஆகஸ்டில் நியூயார்க்கில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் 53 வயதில் இறந்தார். செப்டம்பர் 21 அன்று மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்திருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்டிசோன் ஊசி போட்டார். அந்தப் பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். கர்ப்பகாலத்திலும் மஞ்சள்காமாலை வந்தபோதும் இந்நோய் தணிவதை ஹென்ச் 1929 முதலே கவனித்துவந்தவர். 1950இல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவருக்கு நோபல் கிடைத்தது. பத்திரிகைகள் அற்புதம் என்றன. பிறகு முகம் உப்பியது, எலும்பு உளுத்தது, சர்க்கரை ஏறியது, மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பியது. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் நம் ஊரில் சீட்டு இல்லாமல் விற்கும் 'வலி மாத்திரை'யிலும், ஸ்டீராய்டு கலந்த 'மூலிகைப் பொடி'யிலும் அது ஒளிந்துகொண்டிருப்பதைப் பற்றி மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்துவந்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே வலி போச்சு என்றால் சந்தேகப்படவேண்டும்.

சுப்பாராவ் கதை நமக்கு இன்னும் பக்கம். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு ஹார்வர்டு போனார். 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இருந்த குழுவிலிருந்து ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் அமினோப்டெரினும், அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டும் வந்தன. முதலாவதைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குச் சிட்னி ஃபார்பர் கொடுத்து, 1948இல் முடிவை வெளியிட்டார்.

1951இல் குப்னர் என்கிற அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. அப்புறம்? கார்டிசோன் வெளிச்சத்தில் அது காணாமல் போச்சு. ஏறத்தாழ 30 வருஷம் மெத்தோட்ரெக்சேட்டைத் தோல்நோய்க்காரர்கள் பயன்படுத்திவந்தார்கள். 1985இல் முறையான சோதனை முடிவுகள் வந்து, 1988இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்று உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மருந்து அதுதான். விலை மலிவு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் சாப்பிடக்கூடாது. ஈரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும். இவ்வளவு எளிய விஷயத்தை எத்தனை நோயாளிகளுக்கு அவர்கள் மொழியில் சொல்கிறோம்?

முன்பெல்லாம் ஆஸ்பிரினில் தொடங்கி, மூட்டு கெட்டது நிச்சயமான பிறகே கடுமையான மருந்துக்குப் போவார்கள். 1990களில் இது தலைகீழானது. நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் முறையான மருந்து ஆரம்பித்தால் எலும்பு அரிப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்று தெளிவானது. அப்படியென்றால் 'சாக்கு' என்றும் 'மனசு' என்றும் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் எலும்பில் எழுதப்படுகிறது. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். அதை நம்பி அந்த மாதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

7

1992இல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரின் குழு, மூட்டழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்கிற புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளை 20 நோயாளிகளுக்குக் கொடுத்தது. மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு இது பெரிய விடுதலை. இதில் சந்தேகமில்லை.

காசநோயை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நம்மில் பலருடைய உடம்பில் காசக்கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி அணுக்கள் கட்டிய சுவருக்கு டி.என்.எஃப்.தான் சாந்து. சாந்தைக் கரைத்தால் சுவர் விழும். இந்த மருந்துகளால் காசம் கிளம்புவது 2001இல் மேலைநாட்டு ஆய்வில் ஆவணமானது. முதலில் காசச் சோதனை, பிறகுதான் மருந்து என்பது இன்று விதி. காசத்தைப் போன்றது என்று நினைத்துத் தங்கம் போட்டதில் தொடங்கியது, காசத்தைத் திறந்துவிடும் மருந்தில் வந்து நிற்கிறது. ஒரே மூலக்கூறு மூட்டில் எதிரி, நுரையீரலில் காவல். 'தான்', 'எதிரி' என்கிற இருமை இங்கேயே உடைந்துவிடுகிறது.

விலைக்கு வருவோம். இந்த வகையில் அதிகம் விற்ற அடாலிமுமாப் 2002 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022இல் மட்டும் அதன் விற்பனை 2,000 கோடி டாலருக்கு மேல். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை அடுக்கி, அமெரிக்காவில் மாற்று மருந்து 2023வரை வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 2018. இந்தியாவில் சைடஸ் நிறுவனம் 2014லேயே உலகின் முதல் மாற்று வடிவத்தை, மூலத்தின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வெளியிட்டது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அறிவியல் இல்லை. காப்புரிமைச் சட்டமும், அதற்காக நடந்த போராட்டங்களும். ஐந்தில் ஒரு பங்கும் கூலிக்காரர் வீட்டுக்கு எட்டாது என்பது வேறு விஷயம்.

8

இன்று அறிவியல் சொல்கிற விளக்கம் என்ன? மரபணு ஒரு பங்கு, எச்.எல்.ஏ. மரபணுவின் குறிப்பிட்ட வடிவங்கள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அது மட்டும் போதாது. புகையோ தூசியோ நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும்போது, சில புரதங்களில் ஆர்ஜினின் என்கிற பகுதி சிட்ருலினாக மாறுகிறது. மாறிய புரதத்தை உடம்பு அடையாளம் தெரியாமல் எதிர்க்கத் தொடங்குகிறது. அந்த எதிர்ப்பொருள்கள் மூட்டு வீங்குவதற்குப் பல வருஷம் முன்பே இரத்தத்தில் இருக்கின்றன. பழைய இரத்ததான மாதிரிகளைச் சோதித்தே இதைக் கண்டார்கள். ஈறுநோய்க் கிருமி ஒன்றும் இதே மாற்றத்தைச் செய்யக்கூடியது. பிடுங்கிய பற்கள் நூறு வருஷம் கழித்து வேறு வாசல் வழியாகக் கதைக்குள் வருகின்றன.

தூசியைப் பற்றி நமக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். 1953இல் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் முடக்குவாதத்தோடு சேர்ந்துவரும் முடிச்சுகளை அந்தோனி காப்லன் விவரித்தார். சிலிக்கா தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் உறுதிப்பட்டது. மலேசியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, ஆலைப் பஞ்சுத்தூசியில் வேலைசெய்த பெண்களுக்கு இந்நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது.

ஆகவே 'உடல் தன்னைத் தாக்குகிறது' என்பது பாதி வாக்கியம். எந்தத் தூசியை, எத்தனை வருஷம், யாருடைய லாபத்துக்காகச் சுவாசித்த உடல் என்பது மீதிப் பாதி. 'தான்' என்பது தோலோடு முடிந்துவிடுகிற கோட்டை என்று நினைத்தால் இந்தப் பாதி கண்ணில் படாது. 1994இல் பாலி மட்ஸிங்கர் என்கிற ஆய்வாளர், நோயெதிர்ப்பு அந்நியனைத் தேடுவதில்லை, சேதத்துக்குப் பதில் சொல்கிறது என்று ஒரு மாற்றுக் கோட்பாட்டை முன்வைத்தார். அது முழுசாக ஏற்கப்படவில்லை; விவாதம் நடக்கிறது. எனக்கு அதில் பிடித்தது கேள்வியின் திசை: யார் துரோகி என்று கேட்காமல், எங்கே அடிபட்டது என்று கேட்கிறது.

செயல்பாட்டாளர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. சுப்பாராவுக்குப் பட்டம் மறுத்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பின்னாளில் மூட்டுநோய்க்கென்று தனித்துறை வந்தது. அந்த மருத்துவம் வட்டார மருத்துவமனைவரை வரவேண்டும். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையும் அதற்கான இரத்தச் சோதனையும் அங்கேயே கிடைக்கவேண்டும். கல் உடைக்கும் இடத்திலும் நூற்பாலையிலும் சங்கங்கள் நெஞ்சுச் சளியைப் பற்றிக் கேட்பதுபோல விரல் வீக்கத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். அதற்குக் கருவி வேண்டாம், ஒரு கேள்வி போதும்: காலையில் கை இளக எவ்வளவு நேரமாகிறது? அரைமணிக்கு மேல் என்று ஒரு பெண் சொன்னால், மனசு என்றோ சாக்கு என்றோ பதில் சொல்லாமல் அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்பவேண்டும். சால்பெத்ரியேரில் பார்க்கப்படுவதற்கு அந்த ஒன்பது பேரும் அடைபட்டிருக்க வேண்டியிருந்தது. வீட்டிலும் ஆலையிலும் இருக்கிற பெண்ணை அவள் இருக்கிற இடத்திலேயே, அவள் வார்த்தையை நம்பிப் பார்க்கிற மருத்துவத்தைக் கேட்டுவாங்குவதுதான் நம் காலத்து வேலை.